கலைக்கு எந்தக் கணக்கில் பணம்? பின்தங்கிய குடியிருப்புகளில் சமூகக் கலையும் தொழிற்பயிற்சியும்

வசதி குறைந்த குடியிருப்பு ஒன்றில் இளைஞர்களுக்கு நாடகமும் மேடை ஒளியமைப்பும் கற்றுத்தரும் சிறு குழு ஒன்று அரசு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது, பெரும்பாலும் ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பண்பாட்டுத் துறைக்குப் போகும் தாளில் அது கலைப் பணி. எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை பார்வையாளர்கள், கலைத்தரம் எப்படி என்பவையே அங்கு எழும் கேள்விகள். தொழிலாளர் துறைக்குப் போகும் தாளில் அதே பட்டறை வேலைவாய்ப்புத் திட்டமாகிவிடுகிறது; எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சம்பளப் பட்டியலில் ஏறினார்கள் என்று அங்கே கேட்கப்படும். பட்டறைக்குள் நடப்பதோ ஒன்றுதான். ஏணி மேல் ஒரு பெண் நின்று விளக்கின் கோணத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். கீழிருந்து இன்னொருவர் இன்னும் சற்று இடப்பக்கம் என்கிறார்.

இந்த இரட்டை எழுத்து வெறும் அலுவலகத் தொல்லை அன்று. கலைக்கென ஒதுக்கப்படும் பொதுநிதி எங்கும் சிறியது. அந்தச் சிறிய தொகையிலும் பெரும்பங்கு, கட்டடமும் நிலையான ஊழியரும் நெடுங்காலப் பெயரும் உள்ள நிறுவனங்களுக்கே சேர்கிறது. ஆகையால் ஏழைப் பகுதிகளில் நடக்கும் கலைப்பணி, கடந்த தொண்ணூறு ஆண்டுகளாக, வேலையில்லாதோர் நிவாரணம், தொழிற்பயிற்சி, நகரச் சீரமைப்பு, குற்றத் தடுப்பு, குழந்தை நலம் என்று வேறு கணக்குத் தலைப்புகளில் வந்த பணத்தை நம்பியே பெரிதும் பிழைத்திருக்கிறது. எந்தத் தலைப்பில் பணம் வருகிறதோ, அந்தத் தலைப்புக்குரிய கேள்விகளும் கால அட்டவணையும் கூடவே வருகின்றன. ஒதுக்கீடு பெரிதா சிறிதா என்பதைவிட இதுவே அந்தப் பணியின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

மிகப் பெரிய முன்மாதிரி 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே ரூஸ்வெல்ட் அரசு உருவாக்கிய டபிள்யூ.பி.ஏ. என்ற வேலைத்திட்டத்தின் கீழ், சாலை போடுபவர்களுக்கும் பள்ளி கட்டுபவர்களுக்கும் சம்பளம் வழங்கியது போலவே ஓவியர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் சம்பளம் வழங்கப்பட்டது. அங்கே முதல் தகுதி திறமை அன்று, வறுமை. பணியமர்த்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நிவாரணப் பட்டியலில் இருந்தவர்கள். அரசு ஓவியத்தை விலைக்கு வாங்கவில்லை. ஓவியரின் நாட்களை வாங்கியது. அந்த நாட்களின் ஒரு பகுதியை அவர்கள் அக்கம்பக்கத்தாருக்குக் கற்றுத்தரச் செலவிட்டதால், ஓவியக்கூடமே இல்லாதிருந்த ஊர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் சமூகக் கலை மையங்கள் தோன்றின.

நியூயார்க்கின் ஹார்லெமில் 1937-இல் திறக்கப்பட்ட மையத்தின் முதல் இயக்குநர் அகஸ்டா சாவேஜ் என்ற சிற்பி. அரசு வருமுன்பே தன் சொந்தக் கூடத்தில் பகுதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திவந்தவர் அவர். ஹார்லெமின் இத்தகைய பட்டறைகளில் பதின்பருவத்தில் பயின்ற ஜேக்கப் லாரன்ஸை, 21 வயது நிரம்பியதும் திட்டத்தின் ஓவியர் பட்டியலில் சேர்த்துவிட்டவரும் அவரே. பின்னாளில் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியத்தின் முக்கியப் பெயர்களில் ஒன்றாக லாரன்ஸ் வளர்ந்தார். ஒரே தெருவில் இலவச வகுப்பும் இருந்து, அதை முடிப்பவருக்குச் சம்பளமுள்ள வேலையும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: அந்த வகுப்பு அரசு போட்ட விதை அன்று. ஏற்கெனவே முளைத்திருந்ததற்கு அரசு நீர் ஊற்றியது.

நீர் நின்ற விதமும் பாடமே. 1939-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நாடகத் திட்டத்தை முற்றாக நிறுத்தியது. மற்றப் பிரிவுகளில் தொடர்ந்து 18 மாதங்களுக்கு மேல் பணியாற்றியவர்களை நீக்க வேண்டும் என்றும் விதித்தது. நிவாரண வேலை என்ற கோணத்தில் பார்த்தால் இவ்விதி நியாயமானதே. வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்கு இடம் வேண்டும். கற்பித்தல் என்ற கோணத்தில் பார்த்தால், ஆசிரியர் மாணவரின் கையை அறிந்துகொண்ட தறுவாயில் ஆசிரியரை அனுப்பிவிடும் விதி அது. போர்க்காலத் தொழிற்சாலைகள் வேலையின்மையைத் துடைத்ததும் 1943-இல் திட்டம் முழுவதும் முடிந்தது. வேலையின்மைக்காக வந்த பணம் வேலையின்மையோடு போய்விட்டது. வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் தேவை அதே அட்டவணையில் தீரவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து இதே கதை, யாரும் திட்டமிடாமலே, மறுபடி நடந்தது. 1973 டிசம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட 'சீட்டா' என்ற வேலைவாய்ப்பு, பயிற்சிச் சட்டம், மத்திய நிதியை உள்ளாட்சிகளிடம் கொடுத்து, எவ்வகைப் பொதுப்பணி வேலைகளை உருவாக்குவது என்ற முடிவையும் பெருமளவு அவற்றிடமே விட்டது. அது கலைக்காக எழுதப்பட்ட சட்டம் அன்று. சான் பிரான்சிஸ்கோ நகரக் கலை ஆணையத்தில் இருந்த ஜான் கிரைட்லர், பழைய டபிள்யூ.பி.ஏ. முன்மாதிரியை நினைவில் வைத்து, வேலையில்லாத கலைஞரும் வேலையில்லாதவர்தானே என்ற எளிய வாதத்தால் 1974-இல் இந்த நிதிக்குள் கலைஞர்களைக் கொண்டுவந்தார். மற்ற நகரங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுவதும் ஏறத்தாழ 10,000 கலைஞர்கள் இந்தச் சட்டத்தின் கீழ்ச் சம்பளம் பெற்றதாக மதிப்பிடப்படுகிறது. நியூயார்க்கில் நடந்த திட்டத்தில் ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. வாரத்தில் நான்கு நாட்கள் பள்ளி, முதியோர் இல்லம், குடியிருப்பு மையம் ஆகிய இடங்களில் பணி, ஐந்தாம் நாள் கலைஞரின் சொந்தப் படைப்புக்கு.

அந்த ஐந்தாம் நாளைப் பற்றி ஒரு சொல். கற்பிக்கும் கலைஞர் தன் கலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும்; இல்லையேல் சில ஆண்டுகளில் அவரிடம் கற்பிக்கப் பழைய குறிப்புகள் மட்டுமே மிஞ்சும். பிற்காலத் திட்டங்கள் முதலில் வெட்டியது இந்த நாளைத்தான். மாணவர் முன் நிற்காத நேரத்துக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்கும் தணிக்கையாளருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்வது கடினம்.

ரீகன் அரசு 1981-இல் பொதுப்பணி வேலைகளை நிறுத்தியது. 1982-இல் வந்த மாற்றுச் சட்டம் அத்தகைய வேலைகளுக்கு இடம் தராமல், தனியார் துறை வேலைக்கான பயிற்சியை மட்டும் முன்வைத்தது. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன கூலி என்ற அளவுகோல்களால் பயிற்சி நிறுவனங்களை மதிப்பிட்டது. கேட்பதற்குச் சரியாகவே படும் இந்த ஏற்பாட்டில் நாளடைவில் ஒரு கோணல் தெரியவந்தது. அதிகம் பேர் வேலை பெற்றால்தான் அடுத்த ஆண்டு நிதி என்றால், பயிற்சி இல்லாவிட்டாலும் வேலை பெறக்கூடியவர்களைத் தேர்ந்து சேர்ப்பதே நிறுவனத்துக்கு லாபம். பாலின் மேலாடையை மட்டும் வழித்தெடுப்பது என்று இதற்கு அத்துறையில் பெயர். பள்ளியைப் பாதியில் விட்டவர், சிறையிலிருந்து திரும்பியவர், கைக்குழந்தையோடு வரும் தாய் ஆகியோர், யாருக்காகத் திட்டம் எழுதப்பட்டதோ அவர்கள், கணக்கைக் கெடுப்பவர்களாக மாறினார்கள்.

இன்று அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கோணலை ஓரளவு சரிசெய்ய, பயிலுநர்களின் பின்னணியைக் கணக்கில் எடுக்கும் புள்ளிவிவரத் திருத்தங்களைச் சேர்த்திருக்கிறது. ஆயினும் கலை சார்ந்த பயிற்சிக்கு ஒரு தனித் தடை நீடிக்கிறது. பயிலுநர் வெளியேறிய பிறகு இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் அவர் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கப்படுகிறது. அதற்கு முதன்மையான ஆதாரம், வேலையிழப்புக் காப்பீட்டுக்காக முதலாளிகள் தாக்கல் செய்யும் கூலிப் பதிவுகள். சுயதொழில் செய்பவரின் வருமானம் பொதுவாக அந்தப் பதிவில் ஏறுவதில்லை. படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், மேடைத் தச்சர், சுவரோவியர் ஆகியோர் ஒரு மாதம் ஒருவரிடம், அடுத்த மாதம் இன்னொருவரிடம் என்று துண்டு துண்டாக உழைப்பவர்கள். நன்றாகவே சம்பாதிக்கும் ஒருவர், வேறு சான்று திரட்டித் தரப்படாத வரை, ஏட்டில் வேலையற்றவராகத் தெரியக்கூடும். இதை அறிந்த பயிற்சியாளர், காட்சிக்கலையில் கை தேர்ந்தவரையும் ஏட்டில் தெரியும் வேலை எதுவோ அதை நோக்கித் திருப்பிவிடுவதில் வியப்பில்லை.

பிட்ஸ்பர்க் நகரத்து அனுபவம் இதற்கு ஒரு விடையைக் காட்டுகிறது. அங்குள்ள மான்செஸ்டர் என்ற ஏழைப் பகுதியில் வளர்ந்த பில் ஸ்டிரிக்லண்ட், பள்ளியில் மட்பாண்டச் சக்கரத்தின் முன் உட்கார்ந்த நாள் முதல் தன் வாழ்க்கை திரும்பியது என்று சொல்லிவருபவர். 1968-இல் பகுதிப் பிள்ளைகளுக்காக வனையும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1972-இல், தடுமாறிக்கொண்டிருந்த பிட்வெல் என்ற தொழிற்பயிற்சி நிலையத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1980-களின் நடுவில் இரண்டும் ஒரே வளாகத்தில் புதிய கட்டடத்துக்குக் குடியேறின. மாலையில் பள்ளிப் பிள்ளைகள் களிமண்ணும் ஒளிப்படமும் பழகும் அதே வளாகத்தில், பகலில் பெரியவர்கள் சமையல்கலை, வேதியியல் ஆய்வக வேலை, தோட்டக்கலை ஆகியவற்றைக் கற்கிறார்கள். ஜாஸ் இசைக்கு ஓர் அரங்கும், ஆர்க்கிட் மலர்கள் வளர்க்கும் கண்ணாடிக் குடிலும் அங்கே அமைந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, குயவராகக் கற்றவர் குயவராகவே வேலை பெறுவார் என்று யாரும் வாக்களிக்கவில்லை என்பதே. கலைப்பட்டறையின் கணக்கும் தொழிற்பயிற்சியின் கணக்கும் தனித்தனி; அவற்றுக்கான வரவும் அளவுகோலும் தனித்தனி. பிள்ளையின் களிமண் வேலை எந்தக் காலாண்டிலும் கூலியாகத் தெரியத் தேவையில்லை; ஆய்வகப் பயிற்சி அழகுணர்ச்சியை வளர்த்ததா என்று யாரும் கேட்பதில்லை. கணக்கில் பிரிந்தும் கூரையில் சேர்ந்தும் இருப்பதால், ஒன்றின் கேள்விகளுக்கு மற்றொன்று பதில் சொல்லும் நிர்ப்பந்தம் நீங்கியிருக்கிறது. இது எல்லா இடத்திலும் செய்யக்கூடியது என்று நான் சொல்லமாட்டேன். பல பத்தாண்டுகள் ஒரே தலைமை நிலைத்திருந்ததும், பெரிய கட்டடத்துக்கான மூலதனத்தைத் திரட்ட முடிந்ததும் அரிதானவை.

பணம் எந்தப் பெயரில் வருகிறது என்பது, பெறுபவர் தம்மை எப்படி விவரித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் நிர்ணயிக்கிறது. ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற சுவரோவியத் திட்டம் 1984-இல் கலைத் திட்டமாகத் தொடங்கவில்லை. சுவர்க் கிறுக்கலை ஒழிக்கும் நகராட்சி முயற்சியாகத் தொடங்கியது. கிறுக்கிய இளைஞர்களையே சுவரோவியம் தீட்டச் செய்யும் பொறுப்பு ஜேன் கோல்டன் என்ற ஓவியரிடம் தரப்பட்டது. இன்று நகரெங்கும் ஆயிரக்கணக்கான சுவர்களில் அதன் ஓவியங்கள் உள்ளன, சிறையிலிருந்து திரும்புவோருக்குக் கூலியோடு பயிற்சி தரும் பிரிவும் உண்டு. வெற்றிதான். எனினும், குற்றத் தடுப்பு நிதியில் இயங்கும் எந்தக் குழுவும் தன் மாணவர்களைக் 'குற்ற ஆபத்தில் உள்ளவர்கள்' என்று ஆண்டுதோறும் எழுதித்தர வேண்டியிருக்கிறது. பெயின்ட் கலக்கக் கற்ற பதினாறு வயதுப் பெண் அந்த விண்ணப்பத்தைப் படிக்க நேர்ந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று அந்தப் படிவத்தை வகுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் விளிம்பிலுள்ள கிரெய்க்மில்லர் என்ற குடியிருப்பில் கதை மறுமுனையிலிருந்து தொடங்கியது. ஹெலன் கிரம்மி என்ற தாய் தன் மகனுக்குப் பள்ளியில் வயலின் கற்றுத்தரக் கேட்டார். எழுத்தும் கணக்கும் கற்றுத்தரவே நேரம் போதவில்லை என்று பதில் வந்தது. அந்நகரத்தில்தான் உலகின் மிகப் பெரிய கலைவிழா ஆண்டுதோறும் நடக்கிறது. தாய்மார்கள் சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் தங்களுக்கென ஒரு விழாச் சங்கத்தை உருவாக்கினார்கள். நாடகத்தின் வழியே வீட்டுவசதி, போக்குவரத்து, வேலை என்று பேசத் தொடங்கிய சங்கம், 1970-களில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் வறுமை ஒழிப்பு நிதியையும் பிரிட்டிஷ் அரசின் வேலை உருவாக்கத் திட்டங்களையும் பெற்று, பகுதியின் முக்கிய வேலையளிப்பாளர்களில் ஒன்றாகவே ஆனது. அந்தத் திட்டங்கள் மாறியபோது சுருங்கியது. வேலை உருவாக்க நிதியால் பெருத்த எந்த அமைப்புக்கும் உள்ள ஆபத்து இது: ஊழியர் எண்ணிக்கை அதன் வேர் அளவுக்கு அல்லாமல், அவ்வாண்டு அரசுக் கொள்கையின் அளவுக்கு வளர்கிறது.

இத்தகைய பணிகள் உண்மையில் பலன் தருகின்றனவா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், என்ன பலன் என்று கேட்பவர் சொன்னால் ஒழியச் சொல்ல முடியாது என்பதே. அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு வெனிசுவேலாவின் 'எல் சிஸ்தெமா'. ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கிய இந்த இளையோர் இசைக்குழு இயக்கம், பண்பாட்டு நிதியைவிடச் சமூகநலத் துறைகளின் நிதியையே பெரிதும் சார்ந்து வளர்ந்தது. வறுமையிலிருந்து இசை மீட்கிறது என்பதே அதன் வாதம். அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி அதற்குப் பெருங்கடன் வழங்கியதோடு, ஏறத்தாழ 2,900 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராயவும் செய்தது. 2017-இல் வெளியான அந்த ஆய்வில், தன்கட்டுப்பாடும் நடத்தையும் ஓரளவு மேம்பட்டிருந்தன. அளக்கப்பட்ட மற்றப் பெரும்பாலான கூறுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு வேறு: சேர்ந்த குழந்தைகளிடையே வறுமை விகிதம் 16.7 சதவீதம், அவர்கள் வாழ்ந்த மாநிலங்களிலோ 46.5 சதவீதம். ஏழைகளுக்காக என்று பணம் பெற்ற திட்டத்தின் வாசலுக்கு, ஏழைகளில் பலர் வந்தே சேரவில்லை.

இசை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. இலவசம் என்று பலகை வைப்பதும் ஏழைப் பிள்ளை வந்து சேர்வதும் ஒன்றல்ல என்பதே இதன் பொருள். மாலையில் பிள்ளையை அழைத்துவர ஆள் வேண்டும், போக்குவரத்துச் செலவு வேண்டும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். சற்று வளர்ந்தவராயின், பயிற்சியில் கழிக்கும் மணிகள் கூலி இழக்கும் மணிகள். ஆகவே உதவித்தொகை கூடுதல் சலுகை அன்று, அதுதான் கதவு. அங்கும் ஒரு பொறி உண்டு. பல நலத்திட்டங்களில் பயிற்சி உதவித்தொகை வருமானமாகக் கணக்கிடப்பட்டு, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வாடகை உதவியோ உணவு உதவியோ குறைக்கப்படலாம். ஒரு துறை ஒரு கையால் தருவதை இன்னொரு துறை மறு கையால் எடுத்துக்கொள்கிறது.

பணம் வந்து சேரும் முறையும் இதே அளவு முக்கியம். பல அரசு நிதிகள், முதலில் செலவழி, ரசீதைக் காட்டு, பிறகு திருப்பித் தருகிறோம் என்ற முறையில் இயங்குகின்றன. வங்கிக் கடனும் கையிருப்பும் உள்ள பெரிய நிறுவனத்துக்கு இது சிறு சிரமம். நான்கு பேர் நடத்தும் தெருக்குழுவுக்கு மூடுவிழா. பிரேசில் இந்தச் சிக்கலை வெளிப்படையாகச் சந்தித்த நாடு. பாடகரும் அப்போதைய பண்பாட்டு அமைச்சருமான ஜில்பெர்த்து ஜில் காலத்தில், 2004-இல் 'பண்பாட்டுப் புள்ளிகள்' திட்டம் தொடங்கியது. அரசு புதிய மையங்களைக் கட்டுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே இயங்கிவரும் குழுக்களைத் தேர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 1,85,000 ரெயால் என்று தவணைகளில் வழங்கியது. உடலின் சில புள்ளிகளை அழுத்தினால் உடல் முழுதும் உயிர்பெறும் என்ற மருத்துவ உவமையால் ஜில் இதை விளக்கினார். தொழிலாளர் அமைச்சகத்தின் முதல் வேலைத் திட்டத்தோடு இணைந்து, அந்தக் குழுக்களில் பணிபுரியும் இளைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் ஒரு கட்டத்தில் வழங்கப்பட்டது.

சிக்கல் கணக்கு ஒப்படைப்பில் வந்தது. பாலம் கட்டும் ஒப்பந்ததாரருக்காக எழுதப்பட்ட விதிகளே, கபோயெரா என்ற பிரேசிலின் தற்காப்பு ஆட்டத்தைக் கற்றுத்தரும் ஆசிரியருக்கும் பழங்குடிச் சிற்றூருக்கும் விதிக்கப்பட்டன. மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கு என்ற விதி, ஒரே கடை உள்ள ஊரில் என்ன செய்யும்? பல குழுக்கள் ரசீதுக் குறைகளால் சிக்கின, தவணைகள் தாமதமாயின. 2014-இல் இயற்றப்பட்ட 'உயிர்ப் பண்பாடு' சட்டம் இந்தத் திட்டத்தை நிலையான அரசுக் கொள்கையாக்கியதோடு, ஒப்பந்தத்தையும் கணக்கு ஒப்படைப்பையும் எளிமையாக்கி, ஒவ்வொரு ரசீதையும் துருவுவதற்கு முன், ஒப்புக்கொண்ட பணி நடந்ததா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. பண்பாட்டுக் கொள்கையில் பேரறிக்கைகளைவிட இப்படிப்பட்ட கணக்கியல் திருத்தங்களே அதிகம் சாதிக்கின்றன என்று எண்ணத் தோன்றுகிறது.

கலை மையம் வந்தால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் பழைய குடிகள் வெளியேறுவார்கள் என்ற அச்சமும் உண்டு. அது பொய்யில்லை, ஆனால் அதன் திறவுகோல் கலைத் துறையிடம் இல்லை, நிலமும் வாடகைச் சட்டமும் யார் கையில் என்பதில் இருக்கிறது.

அந்த வகையில் ஹார்லெமையும் சிகாகோவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. மத்திய நிதி நின்ற காலத்தில் ஹார்லெம் மையம் மூடப்பட்டது. சிகாகோவின் தென்பகுதியில், 1940-இல், அதே டபிள்யூ.பி.ஏ. உதவியோடு தோன்றிய மையத்தில் ஏற்பாடு சற்று வேறு: ஆசிரியர்களின் சம்பளத்தையும் கட்டடச் சீரமைப்பையும் அரசு ஏற்றது, வீட்டை வாங்கும் பணத்தைப் பகுதி மக்களே திரட்டினார்கள். மார்கரெட் பரோஸ் உள்ளிட்ட இளங்கலைஞர்கள் தெருமுனையில் உண்டியலோடு நின்று பத்து சென்ட் நாணயங்களாகச் சேர்த்த தொகையும் அதில் அடங்கும். 1943-க்குப் பிறகு சம்பளம் நின்றது, வகுப்புகள் குறைந்தன, கடன் நெருக்கியது. ஆனால் கதவைப் பூட்டும் உரிமை வேறு யாரிடமும் இல்லை. தெற்கு மிச்சிகன் அவென்யூவில் உள்ள அந்த வீட்டில் இன்றும் கண்காட்சிகள் நடக்கின்றன.